சுவைக்கு வேலியா?

சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது பழைய உண்மை. ஒருவருக்கு இனிப்பது மற்றொருவருக்குப் புளிக்கும். ஆயின் இவ்வுண்மையின் நிழலில் பொய்யொன்றும் வளர்ந்து வருகிறது. தம் சுவை இன்னதென ஒருவர் ஒருமுறை முடிவு செய்துகொண்டால், அதற்கு அப்பாலுள்ளவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்க வேண்டியதில்லை என்பதே அப்பொய். கற்றோரும் இதனைக் கூசாமல் சொல்கின்றனர். "எனக்கு அது ஒத்துவராது" என்ற ஒரே தொடரில் நூல்களையும் ஓவியங்களையும் ஒதுக்கித் தள்ளுகின்றனர். பார்த்த பின் ஒதுக்குவது தீர்ப்பு. பார்க்குமுன் ஒதுக்குவது வெறும் சோம்பல். இச்சோம்பலுக்குச் 'சுவை' என்று பெயர் சூட்டுவது தகாது.

இதனை மெய்ப்பிக்கக் கவிதையையோ சிற்பத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை. கற்றோர் பொருட்படுத்தாத ஐரோப்பியச் சீட்டுக்கட்டு ஒன்றே போதும். டாரட் என்பது அதன் பெயர்.

ஆட்டமா, ஆரூடமா?

டாரட் என்றவுடன் குறி சொல்லும் தொழிலே பலர் நினைவுக்கு வரும். கூண்டுக் கிளி எடுத்துத் தரும் படச் சீட்டைச் சிராங்கூன் சாலை நடைபாதையில் கண்டவர், இதுவும் அதன் மேலைநாட்டு உறவே எனக் கருதுவது இயல்பு. ஆனால் வரலாறு வேறு கூறுகிறது. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆட்டத்திற்கெனப் பிறந்தது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் அவ்வாட்டம் இன்றும் ஆடப்படுகிறது. 1781-இல் கூர் தெ ஜெபலன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இச்சீட்டுகள் பண்டை எகிப்தியரின் ஞான நூல் என எழுதினார். எகிப்தியப் பட எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்பொலியோன் வெளியிட்டதோ 1822-இல்தான். படிக்கவே இயலாத எழுத்தைச் சான்றாக்கி எழுந்த கூற்று அது! ஆக்ஸ்போர்டில் தருக்கவியல் பேராசிரியராக விளங்கிய மைக்கேல் டம்மெட், 1980-இல் வெளியிட்ட பெருநூலில் இச்சீட்டுகளின் ஆட்ட வரலாற்றை ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். தருக்கம் கற்பித்த ஒருவருக்குச் சீட்டாட்டத்தில் என்ன வேலை என்று அவர் ஒதுங்கியிருந்தால், அவ்வரலாறு இத்துணைத் தெளிவு பெற்றிராது.

ஆகவே ஆரூடத்தை நம்புவதும் நம்பாததும் இங்கு வழக்கன்று. ஓவியத் தொகுதிகள் என்ற வகையில் இச்சீட்டுகள் மனிதரின் சுவையை எவ்வாறு சோதிக்கின்றன என்பதே வழக்கு.

ஓர் எலும்புக்கூடு, நான்கு உடல்கள்

வழக்கமான டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 22 உருவச் சீட்டுகள். எஞ்சிய 56-உம் கோப்பை, வாள், கழி, காசு என்னும் நான்கு இனங்களாக, இனத்திற்குப் பதினான்காய்ப் பிரியும். இந்தச் சட்டகம் பெரும்பாலும் மாறுவதில்லை. ஓவியமோ கட்டுக்குக் கட்டு முற்றிலும் மாறும்.

13ஆம் சீட்டாகிய மரணத்தை மட்டும் எடுத்துக்கொள்க. மிலான் கோமக்களாகிய விஸ்கொந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பத்தாருக்காக 15ஆம் நூற்றாண்டில் கையால் தீட்டப்பட்ட கட்டில், பொன் பின்னணியில் வில்லேந்தி நிற்கிறது ஓர் எலும்புருவம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டு எளிய மக்களிடையே பரவிய மார்செய் கட்டிலோ அதே எலும்புருவம் அரிவாள் கொண்டு அறுவடை செய்கிறது; நிலத்தில் தலைகளும் கைகளும் கிடக்கின்றன. 1909-இல் இலண்டனில் வெளிவந்த கட்டில், கருங்கவசம் பூண்டு வெண்குதிரையில் வருகிறது மரணம். குழந்தை ஒன்று அதனை எதிர்நோக்குகிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன் தோன்றுகிறான். ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை குரோலி என்பாரின் கருத்துக்கேற்பத் தீட்டிய கட்டில், கோடுகளும் வளைவுகளும் பின்னிய வெளியில் மரணம் நடனமாடுகிறது. அக்கட்டு சீட்டுகளாக வெளியானது 1969-இல். அதற்குள் அவ்விருவருமே மறைந்துவிட்டனர்.

அரண்மனை, சந்தை, கதை மேடை, வடிவ கணிதம் என நான்கு உலகங்கள் இவை. பொன்னோவியத்தில் தோய்ந்த கண்ணுக்கு மார்செய் மரவெட்டு முரடாகத் தோன்றும். கதைக்காட்சியை விரும்புவோருக்கு ஹாரிஸின் வளைகோடுகள் குளிர்ந்து கிடக்கும். எனினும் தம் சுவைக்கு ஒவ்வாதது என்று தள்ளி வைத்த ஒரு கட்டு என்றோ ஒரு நாள் கைக்கு வந்து, ஒருவரை நெடுநேரம் பிடித்து நிறுத்திவிடுகிறது. இச்சீட்டுகளோடு பழகுவோர் பலரும் அறிந்த அனுபவம் இது.

இது மாயமன்று, இதற்குக் காரணம் உண்டு. சட்டகம் பழகியது, உருவம் புதியது. பழகிய சட்டகம் இல்லையேல் புதுமை வெறும் குழப்பமாகும். புதிய உருவம் இல்லையேல் பழக்கம் வெறும் உறக்கமாகும். இரண்டும் சந்திக்கும்போது கண் விழிக்கிறது, "மரணம் இப்படியும் காட்டப்படலாமா?" என்ற வினா எழுகிறது. அவ்வினா எழுந்த பின் பழைய கட்டும் பழையபடி தோன்றுவதில்லை.

கோட்டைகளும் காவலரும்

ஆனால் சீட்டுலகிலும் கோட்டைகள் எழும்பின. மார்செய் கட்டே மெய்யான டாரட், ஏனையவை போலி என்றது ஓரணி. மார்செய் கட்டின் எண் சீட்டுகளில் காட்சியே இல்லை, வறட்சிதான் என்றது மற்றோரணி. திரைப்பட இயக்குநர் ஹோதரோவ்ஸ்கி இளமையில் பல கட்டுகளைத் திரட்டி வைத்திருந்தார். மார்செய் கட்டு ஒன்றே மதிப்புடையது எனக் கவிஞர் ஆந்திரே பிரெதோன் கூறியதும், தம் திரட்டைத் தூக்கி எறிந்ததாக அவரே எழுதியுள்ளார். ஒருவரின் சொல்லுக்காக ஒரு கருவூலம் குப்பைக்குப் போயிற்று. வேடிக்கை என்னவெனில், அந்தப் பிரெதோனே போர்க்காலத்தில், 1940-41-இல், மார்செய் நகரில் வெளிநாடு செல்லும் அனுமதிக்காகக் காத்திருந்தபோது, நண்பர்களோடு சேர்ந்து சீட்டுக்கட்டின் மரபையே மாற்றியவர். அரசனும் அரசியும் நீக்கப்பட்டனர். காதல், கனவு, புரட்சி, அறிவு என்பன புதிய இனங்களாயின. தமக்கு மரபை உடைக்கும் உரிமை. பிறருக்கு மரபைக் காக்கும் கடமை! கோட்டைக் காவலரின் நீதி பெரும்பாலும் இத்தகையதே.

இக்கோட்டைகளுக்கு அப்பால் நின்று படைத்தவர்களைப் பார்க்க வேண்டும். 1909ஆம் ஆண்டுக் கட்டின் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித். நாடக மேடையிலும் ஜமேய்க்கா நாட்டார் கதைகளிலும் தோய்ந்தவர் அவர். ஆயினும் வாள் இனத்தின் மூன்றாம் சீட்டில் அவர் தீட்டிய, மூன்று வாள் துளைத்த இதயம், 15ஆம் நூற்றாண்டுச் சோலா புஸ்கா கட்டில் முன்னரே காணப்படுவது. அக்கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வந்திருந்தன. மேடைக்குரிய கண், செப்புத்தகட்டு அச்சின் இறுகிய கோட்டிலிருந்தும் கொள்வதைக் கொண்டது. பெரும்பணிக்குச் சிறுகூலி என அவர் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்ட அக்கட்டு, பதிப்பகத்தார் பெயராலும் கருத்துரைத்த வெயிட் பெயராலும் நெடுங்காலம் வழங்கிற்று. தீட்டியவர் பெயரை உலகம் பிற்காலத்தில்தான் சேர்த்துக்கொண்டது.

இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோவின் வரலாறு இன்னும் தெளிவானது. சீட்டுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் படங்களிலிருந்து கதை பின்ன முயன்ற அவர், முதலில் எடுத்துக்கொண்டது மார்செய் கட்டை. கதைகள் ஒழுங்குக்கு வராமல் அலைக்கழித்தன. அவ்வேளை விஸ்கொந்தி கட்டைப் பற்றிய நூலுக்கு எழுதுமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டார். அவராகத் தேர்ந்த கட்டன்று அது. அழைப்பின் வழியே வந்தது. அதுவரை எழுதியது அக்கட்டுக்குப் பொருந்தாது என்று உணர்ந்தவர், புதிதாக அடுக்கத் தொடங்கினார். கதைகள் எளிதில் ஒன்றையொன்று ஊடறுத்துப் பின்னிக்கொண்டன. 1969-இல் அது அச்சேறியது. மார்செய் கட்டையும் அவர் கைவிடவில்லை. 1973-இல் இரண்டையும் சேர்த்து ஒரே நூலாக்கினார். ஒன்று கோட்டையில் நிகழும் கதை; மற்றொன்று சத்திரத்தில் நிகழும் கதை. "என் கட்டு மார்செய்" என்று அவர் கதவடைத்திருந்தால் கோட்டை எழும்பியிராது.

இரு மறுப்புகள்

இங்கு இரு சாரார் மறுப்புரைப்பர். எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவர் எதிலும் ஆழம் காணார் என்பது முதல் சாரார் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆழம் வேண்டும், ஒரு கட்டையேனும் முழுதாக அறிந்தவருக்கே மற்றொன்றின் வேறுபாடு புலப்படும். ஆனால் ஆழம் என்பது கிணறு; வேலியன்று. ஆழத் தோண்டியவர் அண்டை நிலத்து ஊற்றையும் அறிவார். தோண்டாமல் வேலி மட்டும் கட்டியவருக்கு இரண்டும் இல்லை.

இரண்டாம் சாரார் வணிகர். "உமக்குரிய கட்டு உம்மை அழைக்கும்" என்று கூறி நாளுக்கொரு கட்டை விற்கின்றனர். வேலியை இவர்கள் உடைக்கவில்லை. அதற்குப் பொன்முலாம் பூசுகின்றனர். அழைப்பது கட்டு அன்று. உற்றுப் பார்ப்பது மனிதர். அந்தப் பார்வைக்கு நேரமும் பொறுமையும் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பத்துக் கட்டுகளைவிட, பிடிக்காத ஒரு கட்டோடு கழித்த ஒரு மாலை மிகுதி கற்பிக்கும்.

வகுப்பறைக்கு வருக

இச்செய்தி சீட்டோடு முடிவதன்று. கம்பனைக் கற்ற மாணவர் கிளந்தான் நிழற்கூத்தைக் காணட்டும். ஆங்கே சீதா தேவியும் செரி ராமாவும் லக்சமானாவும் தோல் பாவைகளாய்த் திரையில் அசைவர். கம்பன் காட்டாத பாக் டோகோலும் வாக் லோங்கும் நகைச்சுவை புரிவர். கதையின் சட்டகம் அவர் அறிந்தது; உருவம் அவர் அறியாதது. "இது நம் இராமன் அல்லன்" என்று முகம் திருப்பினால் இழப்பு அவருக்கே. உற்று நோக்கினாலோ, கம்பன் எதனைக் கொண்டான், எதனைத் தள்ளினான் என்பதும் அன்றுதான் விளங்கும்.

மரபுக் கவிதைக்கும் புதுக்கவிதைக்கும் இடையே எழுந்த வழக்கிலும் இதே நோய் இருந்தது. யாப்பறியாதார் யாப்பைப் பழித்தனர். புதியதைப் படியாதார் புதியதைப் பழித்தனர். அவ்விரைச்சலில் நடுவே நின்ற மாணவர், எதனை விரும்புவது என்று கற்றனரேயன்றி, எவ்வாறு படிப்பது என்று கற்றாரிலர். "இது நல்ல கவிதை, இது தீது" என முடிவை முதலில் கொடுத்துவிட்டுக் கவிதையைப் பின்னர் கொடுக்கும் ஆசிரியர், மாணவர் கையில் ஒரே கட்டைத் திணித்து ஏனையவற்றைக் குப்பையில் எறிபவரே ஆவார்.

ஆகவே ஆசிரியர் ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும், மாணவர் விரும்பாரென்று தாம் கருதும் ஒரு படைப்பை, ஏன் தாமே விரும்பாத ஒரு படைப்பையும், தீர்ப்பேதும் கூறாமல் அவர்கள் முன் வைக்கலாம். பலர் அதனை விரும்பாமலே போகலாம், அது குற்றமன்று. படித்த பின் எழும் வெறுப்புக்குக் காரணம் சொல்ல அவர்கள் பழகுவர். அக்காரணத்தைச் சொல்லுகையில் தம் சுவையின் இயல்பையும் அறிவர். எவரேனும் ஒருவர் எதிர்பாராமல் அதன் முன் நின்றுவிடலாம். அந்த ஒருவருக்காகவாவது வேலியில் ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும்.