ஆய்வுக்கும் ஒரு சுறாத்தொட்டியா?

சென்ற வாரம் ஓர் அழைப்பு வந்தது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தத்தம் ஆய்வை ‘ஷார்க் டேங்க்’ பாணியில் ஐந்து நிமிடத்தில் முன்வைக்க வேண்டும். தொழில்துறையினர் சிலர் ‘சுறாக்களாக’ அமர்ந்து வினவுவார்கள். ஆய்வு எவ்வளவு ‘பெறும்’ என்று இறுதியில் அறிவிப்பார்கள். அழைத்த நிறுவனம் எது என்பது இங்கே பொருட்டன்று. இன்று அதுவும் ஒன்று, நாளை பலவும் இதையே செய்யும். நான் மறுத்துவிட்டேன். மறுப்புக்கான காரணங்கள் ஒரு வரி மின்னஞ்சலில் அடங்காதவை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நிகழ்ச்சியின் மரபுவழி. 2001இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘பணப்புலிகள்’ என்னும் பொருள்படும் பெயரில் பிறந்தது. 2005இல் பிரித்தானியாவுக்குச் சென்றபோது புலி டிராகன் ஆயிற்று, 2009இல் அமெரிக்காவில் சுறா ஆயிற்று, ஜெர்மனியில் சிங்கம். 2021 டிசம்பரில் சுறா என்னும் பெயரோடே இந்திக்கு வந்தது. தமிழில் 2025இல் விஜய் தொலைக்காட்சி ‘ஸ்டார்ட்அப் சிங்கம்’ என்று பெயரிட்டது. நாடும் மொழியும் மாறின. பணம் வைத்திருப்பவர் வேட்டை விலங்கு என்னும் உருவகம் மட்டும் மாறவில்லை. எதிரே நிற்பவர் என்ன விலங்கு என்பதை எந்தத் தலைப்பும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

முதல் பருவத்தில் நாடே நெகிழ்ந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மகாராட்டிரத்தின் மாலேகான் பகுதியிலிருந்து வந்த உழவர் கம்லேஷ், மருந்துத் தொட்டியைத் தோளில் சுமக்காமல் தள்ளிக்கொண்டே தெளிக்கும் ஒரு வண்டியைத் தாமே வடிவமைத்திருந்தார். அவர் கேட்டது பத்து விழுக்காட்டுப் பங்குக்கு 30 இலட்சம். மற்றவர்கள் விலகிக்கொள்ள, லென்ஸ்கார்ட்டின் பியூஷ் பன்சல் நாற்பது விழுக்காட்டுப் பங்குக்கு 10 இலட்சமும், வட்டியில்லாக் கடனாக 20 இலட்சமும் தர முன்வந்தார். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? கம்லேஷ் தம் நிறுவனத்துக்கு வைத்த மதிப்பு மூன்று கோடி. அரங்கை விட்டு வெளியே வந்தபோது அதன் மதிப்பு 25 இலட்சம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்சல் கொடியவர் என்பது என் வாதமன்று. மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் அவர் இடர் ஏற்றார், கடனுக்கு வட்டியும் கேட்கவில்லை. ஆயினும், ஒரு பேரத்தைக் கருணையாக நாம் பார்க்கும்படி செய்தது எது? பின்னணி இசையும் படத்தொகுப்பும்தான். திரையில் குலுக்கும் கையும் இறுதியானதன்று. அதன் பிறகே கணக்குகள் சரிபார்க்கப்படும். அப்போது மாறிப்போன, கலைந்துபோன உடன்பாடுகள் உண்டு.

மொழியியல் படித்தவர்களுக்கு இதில் இன்னொன்றும் புலப்படும். சில கூற்றுகள் செய்தியைத் தெரிவிப்பதில்லை, செயலையே நிகழ்த்துகின்றன என்று ஜே.எல்.ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு உரைகளில் விளக்கினார். ‘நான் விலகுகிறேன்’ என்பது அத்தகைய கூற்று. சொன்ன கணத்திலேயே ஒரு கதவு மூடுகிறது. அவ்வாறு சொல்லும் அதிகாரம் அமர்ந்திருப்பவருக்கே உண்டு. கேள்வி கேட்கும் உரிமை ஒரு பக்கம். விடை சொல்லும் கடமை மறுபக்கம். உங்கள் நிறுவனம் சென்ற ஆண்டு எவ்வளவு ஈட்டியது என்று நிற்பவர் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சுவையான விடைகள் கிடைத்திருக்கும்: முதல் பருவம் ஒளிபரப்பான 2021–22 நிதியாண்டில் லென்ஸ்கார்ட், சுகர், பாரத்பே ஆகிய மூன்றுமே நட்டக் கணக்குத்தான் காட்டின. நட்டம் குற்றமன்று. ஆனால் நின்றவரிடம் இலாபம் எங்கே என்று அதட்டிய இருக்கையை அந்தக் கேள்வி எட்டவே இல்லை.

புலவர்கள் புரவலர்முன் நின்றதும் இதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. பெருஞ்சித்திரனாரை நினைவுகூருங்கள். தம்மை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்கவில்லை, தம் தகுதி அறிந்து தந்தால் எத்துணைச் சிறிதாயினும் போதும் என்றார் (புறம். 208). இளவெளிமான் தகுதி அறியாது சிறிது கொடுத்தபோது அதை மறுத்துக் குமணனிடம் சென்று யானை பெற்று, அந்த யானையை இளவெளிமானின் காவல்மரத்திலேயே கொண்டுவந்து கட்டினார் (புறம். 162). அந்த அவையில் மதிப்பிடப்பட்டவர் கொடுப்பவரும்தான். பாடியவருக்குப் பழிக்கும் உரிமை இருந்தது. தொலைக்காட்சி அரங்கில் காவல்மரமே கிடையாது.

ஆய்வை எளிமையாகச் சொல்லப் பழகுவது தவறா என்பது வலுவான கேள்வி. தவறில்லை. 2008இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய ‘மூன்று நிமிட ஆய்வேடு’ அதற்கென்றே உள்ளது. அங்கே பேசுபவர் புரியவைக்க வேண்டும். இங்கே விலைபோக வேண்டும். இரண்டும் ஒரே பயிற்சி என்பது ஏமாற்று.

எங்கள் தெருவிலிருந்தே இரு சான்றுகள் தருகிறேன். உசுமானியாவில் மொழியியல் துறையை உருவாக்கிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, ஆந்திரத்தின் பல வட்டாரங்களிலும் உழவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி 1962இல் வேளாண்மைச் சொல்லகராதியை வெளியிட்டார். நெசவுச் சொற்களின் தொகுதி 1971இல் வந்தது. ஏருக்கும் மண்ணுக்கும் தறிக்கும் ஊருக்கு ஊர் என்ன பெயர் என்று அறிய ஆய்வாளர்கள் உழவரிடமும் நெசவாளரிடமும் சென்றார்கள். அறிந்தவர் உழவர், கேட்டு எழுதிக்கொண்டவர் பல்கலைக்கழகத்தார். தொலைக்காட்சி அரங்கு இதைத் தலைகீழாக்கியது: உழவரை வரவழைத்து நிறுத்தி, அவருக்கு என்ன தெரியாது என்று கேட்டது. அந்த அகராதியை இன்று ஐந்து நிமிடத்தில் முன்வைத்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? ‘இதன் சந்தை எவ்வளவு?’

இரண்டாவது சான்று, சந்தையை மதிப்பவர்களுக்கு. எய்ட்ஸ் நோய்க்கான சிடோவுடின் மருந்தைச் சிப்லா 1990களில் இந்தியாவில் குறைந்த விலையில் தயாரித்தபோது, அதற்கான செய்முறையை உருவாக்கியது இதே தார்நாகாவின் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், வழிநடத்தியவர் ஏ.வி.ராமராவ். அங்கே ஆய்வைத் தாங்கியது பொதுப்பணம்; நெடுங்காலம் பொறுத்திருந்த பணம். வணிகப் பயன் பிறகு வந்தது, தானாகவே வந்தது.

இப்போது கசப்பான பகுதி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாக அதே தொகை. 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். தில்லியில் மாணவர்கள் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் வாரக்கணக்கில் கிடந்ததால்தான் அது மிஞ்சியது. உரிமையாகப் பெற வேண்டிய பணம் சுருங்கச் சுருங்க, மேடையேறிக் கேட்கும் திறமை பாடத்திட்டமாகிறது. ஆதரவு கிட்டாதவர் திறமையாகக் கேட்கவில்லை என்ற பழியும் அவர்மேலேயே விழுகிறது. இந்த நிகழ்ச்சிகள் வளாகத்துக்குள் வருவதன் உண்மையான பயன் இதுதான்: கொடுக்க வேண்டியவரின் கடமையை அவை மறைக்கின்றன.

தொழில் தொடங்குவோர் தொலைக்காட்சிக்குச் செல்லட்டும். சிற்றூரிலிருந்து வருபவருக்கு அந்த வெளிச்சம் விற்பனையைத் தரும். அதை இழிவாகப் பேச எனக்கு உரிமையில்லை. வணிகத்துக்கு விலை கேட்பது முறை. பல்கலைக்கழகத்துக்குள் அந்த இருக்கையைக் கொண்டுவந்து போடுவதையே எதிர்க்கிறேன்.

ஆகவே சக ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அழைப்பு வந்தால் இரண்டு நிபந்தனைகளை எழுத்தில் கேளுங்கள். வினவுபவர்கள் உங்கள் ஆய்வின் ஓர் இயலையேனும் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டும். நீங்களும் அவர்களை அதே அரங்கில், அதே அளவு நேரம் வினவலாம். இவற்றை ஏற்றால் அது கருத்தரங்கு, தாராளமாகச் செல்லுங்கள். ஏற்காவிட்டால் அது என்ன என்பது அவர்கள் வைத்த பெயரிலேயே இருக்கிறது. நெறியாளர்களுக்கும் ஒன்று: செல்ல மறுக்கும் மாணவரின் வருகைப்பதிவிலோ மதிப்பீட்டிலோ கைவைக்காதீர்கள். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், விடையளிப்பேன்.