இலை வாரும் கை

கடந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு. பவேரியாவில் ஒரு சிற்றாற்றங்கரையில் ரோர்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் நீண்ட கம்பு பூட்டிய வாரியால், இரும்புக் கம்பித் தடுப்பில் அப்பிக் கிடந்த இலைகளை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கூடை இலை ஏறியது. அவர் வார வார, சுவருக்கு அப்பால் முனகிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து ஒரே சீரான ரீங்காரமாயிற்று. “இப்போதுதான் மூச்சு விடுகிறது” என்றார்.

அது அவர்கள் வீட்டு மின் நிலையம். இலை வாருவதற்கு மோட்டார் பூட்டிய வாரி ஒன்றும் உண்டு. மரக்கிளை குறுக்கே சிக்கிவிட்டால் அது நின்றுவிடும். பிறகு மனிதக் கைதான்.

பெரியவரின் பாட்டனார் காலத்தில் அங்கே மாவு ஆலை ஓடியது. 1957-இல் மேற்கு ஜேர்மனியில் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆலையை மூடுகிறவர்களுக்குப் பணம் கிடைத்தது. ஊருக்கு ஊர் அரைவைக் கற்கள் சுற்றுவதை நிறுத்தின. இந்த வீட்டிலும் கல் நின்றது. ஆனால் ஆற்று நீரைத் திருப்பிக்கொள்ளும் பழைய உரிமையை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. சக்கரம் இருந்த இடத்தில் இன்று டர்பைன் சுற்றுகிறது.

கணக்கு மிக எளியது. தண்ணீர் மூன்று மீற்றர் விழுகிறது. நல்ல நாளில் செக்கனுக்கு 2,000 லீற்றர் ஓடுகிறது. இயந்திரத்தில் வீணாவது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், கையில் நிற்பது ஏறக்குறைய 47 கிலோவாட். கோடையில் ஆறு மெலிவதையும் சேர்த்துப் பாதி என்று கொண்டாலும், ஆண்டுக்கு இரண்டு லட்சம் யூனிட். அந்த நாட்டில் ஐம்பது வீடுகளுக்குத் தாராளமாகக் காணும்.

வெள்ளம் வந்தால் கரண்ட் கூடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியவர் தலையை ஆட்டினார். வெள்ளத்தில் டர்பைனுக்குக் கீழே உள்ள தண்ணீரும் ஏறிவிடும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள உயரம் சுருங்கிவிடும். ஆறு பொங்கும் நாளில் இயந்திரம் சோர்ந்துபோகும். தண்ணீர் விழுவதற்கு இடமும் வேண்டும் அல்லவா?

அவர்களுடையது குறுக்குப் பாய்ச்சல் டர்பைன். பவேரியாவின் வைசன்பூர்க் நகரில் உள்ள ஒஸ்பெர்கர் நிறுவனம் பேர் வாங்கிக்கொடுத்த வகை. தண்ணீர் அதன் உருளைக்குள் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். உள்ளே போகும்போது அலகுகளில் ஒட்டிய புல்லையும் இலையையும், வெளியே வரும் தண்ணீரே கழுவித் தள்ளிவிடும். உருளை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று இரு பகுதியாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் குறைந்த நாளில் சிறிய பகுதி மட்டும் ஓடும். கையிருப்பைப் பார்த்து அடுப்பு மூட்டுகிற வீட்டுக்கு ஏற்ற இயந்திரம்.

ஆனாலும் இயந்திரம் மட்டும் அந்தக் குடும்பத்தை நிலைக்கச் செய்யவில்லை. ஒரு சட்டமும் துணைக்கு வந்தது. அதற்கு முன், சிறிய நிலையக்காரர் மின்சாரம் கொடுக்க வந்தால், பெரிய நிறுவனம் வைத்ததே விலை என்றிருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சியின் மத்தியாஸ் எங்கெல்ஸ்பெர்கர், பசுமைக் கட்சியின் வோல்ஃப்காங் டானியல்ஸ் என்ற இரு எம்.பி.க்கள், எதிரெதிர் அணியில் இருந்துகொண்டே இதை மாற்றக் கைகோத்தார்கள். 1991 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம், சிறு நீர் நிலையங்களின் மின்சாரத்தைப் பெரிய நிறுவனங்கள் வாங்கியே ஆகவேண்டும், பாவனையாளர் கொடுக்கும் சராசரி விலையில் குறைந்தது 75 சதவீதம் கொடுக்கவேண்டும் என்றது. பிறகு அந்நாட்டுக் கூரைகளிலெல்லாம் சூரியத் தகடு ஏறியதற்கும் இந்தச் சட்டம்தான் வழிகாட்டி. ஆற்றங்கரை ஆலைக்காரர்களின் குறையிலிருந்து பிறந்த சட்டம் அது.

மீனை மறந்துவிட்டு இதை எழுதுவது நேர்மையாகாது. ஜேர்மனியில் 7,000-க்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரு மெகாவாட்டுக்கும் குறைவானவை. ஒவ்வோர் அணையும் மீனின் வழியை மறிக்கிறது. இத்தனை கொஞ்ச மின்சாரத்துக்கு இத்தனை ஆறுகளா என்று மீன் ஆர்வலர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2022-இல் 500 கிலோவாட்டுக்குக் குறைந்த புதிய நிலையங்களுக்கான ஆதரவை நிறுத்த ஒரு வரைவு வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. பெரியவர் வீட்டில், மீன் உள்ளே போகாதபடி கம்பிகளை நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் மீன் ஏறப் படிவாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். கோடையில் டர்பைன் நின்றாலும் பழைய ஆற்றுப் படுகைக்கு உரிய தண்ணீரை விட்டுத்தான் ஆகவேண்டும். அந்த நிபந்தனைகள் தளரவே கூடாது என்பது என் கருத்து.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலைக்குக் கீழேயும் ஓடையோரம் ஒரு டர்பைன் இருந்தது. தாத்தா சொல்வார்: அது கொழுந்து அரைத்தது, தோட்டத் தொரையின் பங்களாவுக்கு வெளிச்சம் கொடுத்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோன கானில் சேறு வாரியவர் தாத்தா. தொழிலாளர் வரிசை வீடான அவருடைய லயத்தில் எரிந்தது குப்பி லாம்பு. 1950-இல் லக்ஷபான நீர்மின் நிலையம் திறந்து, கம்பி வழியே கரண்ட் பரவத் தொடங்கியதும், தோட்டத்து டர்பைன்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. எனக்கு நினைவு தெரிந்தபோது துருப்பிடித்த குழாய்தான் மிச்சம். அதன்மேல் நடந்து விளையாடுவோம். கரண்ட் லயத்துக்கு வந்துசேர இன்னும் பல வருஷம் ஆனது.

அதே தண்ணீர், அதே சேறு, அதே இலை. ஆனால் பவேரியாவில் வாருகிற கை ஒரு வீட்டிலும் எரிகிற விளக்கு வேறு வீட்டிலும் இல்லை. அதனால்தான் அந்த நிலையத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களிடம் இயந்திரத்தையும் கொடுங்கள், பொறுப்பையும் கொடுங்கள். நடுச்சாமத்தில் சத்தம் மாறினால் அவர்களுக்குத்தான் முதலில் விழிப்பு வரும்.

அன்றிரவு அவர்கள் சமையலறையில் தேநீர் குடித்தோம். சுவரில் ஒரு நாட்காட்டி. இலையுதிர் கால இரவுகள் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து: அப்பா, மகள், பேரன். மூன்று மணிக்கு மகளின் முறை. அவளுடைய ரப்பர் சப்பாத்து கதவோரம் தயாராக நின்றது. பேரனின் சிறிய சப்பாத்து, இன்னும் ஈரத்தோடு, அதன் பக்கத்தில்.