இணைப்பு உண்டு, பெயர் எங்கே?

ஒரு மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசுவதற்கு ஒரு காலத்தில் பொதுவழி இருந்ததில்லை. ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டும். தரவுத்தளம் மாறினால் நிரலின் பெரும்பகுதியைத் திருத்த வேண்டும். 1992இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓடிபிசி, 1995இல் ஐஎஸ்ஓ ஏற்ற அழைப்புநிலை இடைமுகம், 1997இல் ஜாவாவுடன் வந்த ஜேடிபிசி ஆகியவை இந்நிலையை மாற்றின. நிரல் பொதுவான முறையில் கேட்கும். இடையில் உள்ள இயக்கி அதை அந்தந்தத் தரவுத்தளத்தின் வழக்கிற்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டின் பயன் அரசு அலுவலகங்களையும் எட்டியிருக்கிறது. கேரளத்தில் பதிவுத்துறையின் பேர்ள், வருவாய்த்துறையின் ரெலிஸ், நில அளவைத்துறையின் இ-மேப்ஸ் ஆகிய மூன்றையும் 'என்டெ பூமி' தளம் 2024இல் ஒன்றிணைத்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் வாழும் தமிழர்களின் நிலையிலிருந்து பார்த்தால் ஒரு கேள்வி எஞ்சுகிறது: இணைப்பு ஒன்றானால் ஆளும் ஒருவராகி விடுவாரா?

இடைமுகம் எடுத்துச் செல்வது எழுத்துகளின் குறியீட்டை மட்டுமே, பொருளை அன்று. தமிழ்ப் பெயரைத் தமிழ் இல்லாத பழைய குறியீட்டு முறையில் அனுப்பினால் மறுபுறம் வினாக்குறிகளே சேமிக்கப்படும். பின்னர் அவற்றிலிருந்து பெயரை மீட்க முடியாது. ஒருங்குறி இச்சிக்கலைத் தீர்த்தது. பெயர்ச் சிக்கலைத் தீர்க்கவில்லை. 'கணேசன்' என்பதில் வரும் 'க' தமிழில் ஓர் எழுத்து. மலையாளத்திலோ அவ்வரிசையில் நான்கு எழுத்துகள். எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆங்கிலத்திற்குப் போகையில் 'ச' ஓரிடத்தில் 'ஸ' ஆகும். வேறோரிடத்தில் 'ஷ' ஆகும். தந்தை பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னே நிற்கும். மற்றொன்றில் விரிந்து பின்னே செல்லும். கணினிக்கு இவை வெவ்வேறு ஆட்கள். குடும்ப அட்டையும் நில ஆவணமும் ஒத்துப்போகாத தோட்டத் தொழிலாளியே தாம் ஒருவர்தாம் என்று மெய்ப்பிக்க அலைய வேண்டும்.

எல்லை இதனைக் கூட்டுகிறது. ஏலத் தோட்டம் உடும்பன்சோலையிலும் வீடு போடியிலும் உள்ளவருக்கு ஒருபுறம் தண்டப்பேர் எண், மறுபுறம் பட்டா எண். இரு மாநிலங்களின் புலங்களையும் ஒரே வினவலில் கேட்கலாம். இரண்டும் ஒரே பொருள் தருபவை என்று எந்த இயக்கியும் உறுதி கூறாது.

ஆங்கில வடிவம் ஒன்றே போதும் என்பர் சிலர். அந்த வடிவமே பிழையின் பிறப்பிடமாக இருக்கையில் அது எவ்வாறு அளவுகோலாகும்? கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் இடம் தருகிறது. தாளில் ஏற்கப்பட்ட அவ்வுரிமை தரவுத்தளத்தில் ஒரு புலமாகக்கூட இல்லாவிட்டால் நாளடைவில் பெயரளவில்தான் எஞ்சும்.

செய்ய வேண்டுவன சிலவே. பெயரை அதன் உரியவர் எழுதும் எழுத்திலேயே ஒரு புலத்தில் காக்க வேண்டும். மலையாள, ஆங்கில வடிவங்கள் அதன் அருகே நிற்கட்டும். ஆட்களை இணைப்பது அடையாள எண்ணால் நடக்க வேண்டும், எழுத்துக்கூட்டலால் அன்று. பொருத்தம் தவறும்போது கணினி மறுப்பதோடு நில்லாமல் ஓர் அலுவலரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் மட்டும் விழலாகாது. இவற்றிற்குப் புதிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. அட்டவணையை வரைபவர் எல்லையோர மக்களையும் நினைவில் கொண்டால் போதும்.