அதே துப்பாக்கிதான், கைதான் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேரனைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு பழைய நீளத் துப்பாக்கியைக் காட்டி, "தாத்தா, இதுல தோட்டாவை எங்க போடுவாங்க?" என்றான். "தோட்டாவே கிடையாதுப்பா, எல்லாம் வாய் வழியாத்தான்" என்றேன். அது நான் புத்தகத்தில் படித்தது இல்லை.

1960-களின் கடைசியில் எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் நரிக்குறவர்கள் கொக்கு, மடையான் சுட வருவார்கள். சிறுவர்கள் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். ஒரு பெரியவர் மருந்தை அளந்து குழாய் வாயில் கொட்டுவார். நாரை வைத்துக் கம்பியால் கெட்டிப்பார். பிறகு பால்ரஸ், மறுபடி நார். கேப்பு வைப்பது கடைசியில்தான். வரிசை மாறினால் விரல் போய்விடும் என்பார். அடுத்த வேட்டுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒரு வேட்டையும் வீணாக்க மாட்டார். நான் பார்த்த முதல் செய்முறை வகுப்பு அது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவைகளுக்கு அது தேவை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வேட்டையோடு அந்தக் கைத்திறனும் குற்றமாகிப் போனது. இன்று 'நாட்டுத் துப்பாக்கி' என்றால் செய்தித்தாளில் கைது செய்திதான்.

அதே வகைத் துப்பாக்கிக்கு வெளிநாட்டில் 1971 முதல் ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. கரிமருந்து மட்டும் போட்டு, 25, 50, 100 மீட்டரில் காகித இலக்கைச் சுட்டுப் பதக்கம் வாங்குகிறார்கள். ஜப்பானியரின் பழைய திரித் துப்பாக்கிக்கும் தனிப் போட்டி உண்டு. அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துக் குடகில் செப்டம்பரில் கைல்பொல்து விழா. துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுவார்கள். அந்தப் பூ நம் மாநில மலரான செங்காந்தள்தான். குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலும் விலக்கு உண்டு. 1959 ஆயுதச் சட்டமேகூடப் பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது.

ஒருவர் கையில் பெருமை, ஒருவர் கையில் பொழுதுபோக்கு, இன்னொருவர் கையில் வழக்கு. இது நியாயமா?

வீட்டுக்கு வீடு துப்பாக்கி கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கி வெடித்துக் கை போனவர்கள் உண்டு. உரிமம் பெற்ற சுடுதளத்தில், காகித இலக்கில், இந்தப் பழைய முறைக்கும் ஓர் இடம் கொடுக்கலாம். கற்றுத்தர அந்தப் பெரியவர்களையே சம்பளம் கொடுத்துக் கூப்பிடலாம். குறைந்தபட்சம், அவர்கள் இருக்கும்போதே செய்முறையைப் படம்பிடித்து, அவர்கள் பெயரோடு அருங்காட்சியகத்தில் வைக்கலாம். நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 ஆனது. இதற்கும் அவ்வளவு காலம் எடுத்தால் சொல்லித்தர ஆள் இருக்காது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் அந்தச் சமூகத்துப் பையன் ஒருவன் படித்தான். ஒருநாள் நோட்டில் தன் அப்பாவின் துப்பாக்கியைப் பாகம் பாகமாக, அத்தனை சுத்தமாக வரைந்திருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு 'தேவையற்றது' என்று எழுதினேன். பிள்ளைகள் "டுமீல்" என்றார்கள். நானும் சிரித்தேன். அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை. காரணம் நான் விசாரிக்கவில்லை.

அவனோடு படித்தவர்கள் இதைப் படித்தால், யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே போடாதீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் வாத்தியார்