ஜாடி திரும்பியது, கல்லறை திரும்பவில்லை

மதுவையும் தண்ணீரையும் கலக்க கிரேக்கர்கள் பயன்படுத்திய வாயகன்ற பெரிய ஜாடிக்குக் கிராத்தர் என்று பெயர். கி.மு. 515 வாக்கில் ஏதென்ஸில் யூக்ஸிதியோஸ் வனைந்து யூஃப்ரோனியோஸ் சித்திரம் தீட்டிய கிராத்தர் ஒன்றை, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1972-ல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் சித்திரத்தில், ட்ராய் போரில் மாண்ட சார்பிடானின் உடலை உறக்கமும் மரணமும் சிறகு முளைத்த வீரர்களாக வந்து தூக்குகிறார்கள். நடுவில் ஹெர்மஸ் நிற்கிறார். காயங்களிலிருந்து குருதி வழிகிறது. வயிற்றுத் தசையின் மடிப்புகள்கூட நீர்த்த களிமண் குழம்பால் இழுத்த மெல்லிய கோடுகளில் தெரிகின்றன. கிரேக்க ஓவியத்தின் உச்சங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். லெபனான் வியாபாரி ஒருவரின் குடும்பச் சொத்து என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அதற்கு முந்தைய ஆண்டு, ரோமுக்கு அருகில் செர்வெத்தேரியில், பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்களின் கல்லறை ஒன்றைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது அது. 2006-ல் இத்தாலியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 2008-ல் ஜாடி அங்கே போய்ச் சேர்ந்தது.

அத்தோடு கணக்கு நேராகிவிட்டது என்ற எண்ணத்தை ஏற்க முடியவில்லை. இழப்பின் அளவை உணர நிகோஸ்தெனீஸைப் பார்க்க வேண்டும். ஏதென்ஸில் பட்டறை வைத்திருந்த இவர், பட்டையான அகன்ற கைப்பிடிகள் கொண்ட ஒரு வகை ஜாடியை நிறையச் செய்தார். எட்ருஸ்கர்கள் தங்கள் கருமண் பாண்டங்களில் வழக்கமாக வனைந்த வடிவம் அது. கிடைத்த ஜாடிகளில் பெரும்பாலானவை செர்வெத்தேரி கல்லறைகளிலிருந்து வந்தவை. கடல் கடந்த வாடிக்கையாளரின் ரசனைக்கேற்ப ஓர் ஏதென்ஸ் பட்டறை சரக்கு செய்தது என்ற வரலாறு, கிடைத்த இடம் தெரிந்ததால் மட்டுமே நம் கைக்கு வந்தது. சார்பிடான் ஜாடியிடம் இப்படி எதைக் கேட்க முடியும்? அது ஆணின் கல்லறையா பெண்ணுடையதா, அருகில் என்னென்ன பாத்திரங்கள் இருந்தன, புதைத்தபோது புதிதா, தலைமுறைகள் கைமாறிய பழம்பொருளா? கொள்ளையரின் மண்வெட்டி விடைகளை அழித்துவிட்டது. எந்த ஒப்பந்தமும் அவற்றை மீட்காது.

கிரேக்கர் செய்த பொருளுக்கு இத்தாலி எப்படி உரிமை கொண்டாடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அதைத் தருவித்தவர்கள் எட்ருஸ்கர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது அவர்கள் மண்ணில். இன்னும் கனமான வாதம் வேறு: அருங்காட்சியகம் வாங்காமல் விட்டால் ஜாடி யாரோ ஒரு செல்வந்தரின் பெட்டகத்தில் மறைந்து போகும், நியூயார்க்கிலோ லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள் என்பது. தோண்டி முடித்த ஒரு ஜாடியை மட்டும் வைத்துப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனம் தரும் விலையும் கௌரவமும் இனித் தோண்டப்போகும் கல்லறைகளுக்கும் விலை வைத்துவிடுகின்றன. ஒரு ஜாடியைக் காப்பாற்றியதாகச் சொல்லும் அதே காசோலை அடுத்த கொள்ளைக்கு முன்பணமாகிறது.

கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை ஏற்பட்ட 1970-ஐ எல்லைக்கோடாக அமெரிக்க அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் 2008-ல் ஏற்றது நல்ல மாற்றம். எனினும் அந்த நெறிமுறையில் விதிவிலக்குக்கும் இடம் இருக்கிறது. அதை அடைக்க வேண்டும். 1970-க்கு முன்பே, தோண்டியெடுத்த நாட்டை விட்டு வந்தது என்பதற்கோ, சட்டப்படி வெளியேறியது என்பதற்கோ ஆவணம் இல்லாத ஜாடியை எவ்வளவு அழகானாலும் வாங்கக் கூடாது, நன்கொடையாக வந்தாலும் ஏற்கக் கூடாது.