ஒரு வார்த்தை போதும்!

ஜெர்மனியில் யாராவது விருந்துக்கு அழைத்தால், கையில் ஒரு ஒயின் பாட்டிலோடு போவது சகஜம். மீனுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வாங்கிய வெள்ளை ஒயின், சர்பத் மாதிரி இனித்தால்? தர்மசங்கடம்தான்!

லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருக்கிறதா, பாருங்கள். இனிப்பில்லாதது என்று அர்த்தம். லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. 'ஹால்ப்ட்ரோக்கன்' என்றால் 18 கிராம் வரை போகும். 'ஷ்பேட்லேஸ' என்பது நன்றாகப் பழுத்தபின் தாமதமாகப் பறித்த திராட்சை என்று மட்டுமே சொல்லும். ஒயின் இனிக்குமா என்று சொல்லாது.

எதுவும் புரியவில்லையா? ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 சதவிகிதம் என்றால் இனிப்பு மிச்சமிருக்கிறது. 12-க்கு மேல் என்றால், பெரும்பாலும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று தீர்த்திருக்கும்.

கடையில் 'ரீஸ்லிங் ட்ரோக்கன்' என்று கேளுங்கள். அதன் எலுமிச்சைப் புளிப்பு மீனோடு ஜோராகச் சேரும்!