ஆடாமல் விட்ட கோப்பையும் பேசாமல் விட்ட பசுந்தாங்கும்



அண்மையில் எமது இளையோர் விளையாட்டு விழாவொன்றில் நிகழ்ந்த சிறு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. டென்னிஸ் போட்டிகள் தொடங்குமுன், பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் முழுக் குடியுரிமையின்றித் தவிக்கும் எமது மக்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேச அனுமதிக்குமாறு இரு இளைஞர்கள் கேட்டனர். ஏற்பாட்டாளர்களில் ஒருவர், அவரும் ஒரு தந்தையே, உடனே மறித்தார். "தம்பிமாரே, விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்றார். மண்டபத்தில் பலர் கைதட்டினர்.

கடைசி வரிசையில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். ரங்கூன் மாநகரின் கிழக்கே, பசுந்தாங் ஓடையின் கரையில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், 1964ஆம் ஆண்டு, தாயின் கைபிடித்துச் சென்னைக்குக் கப்பலேறியவர். அவர் கைதட்டவில்லை, மறுத்தும் பேசவில்லை. அவர் பேசாமல் விட்டதை இங்கே நாம் பேச விரும்புகின்றோம். அதற்கு அந்த மேடையில் ஆடப்படவிருந்த விளையாட்டையே சான்றாக எடுத்துக்கொள்கின்றோம்.

டென்னிஸ் உலகில் நாடுகளின் பெயரால் ஆடவர் அணிகள் மோதும் முதன்மைப் போட்டி டேவிஸ் கோப்பை. 1900ஆம் ஆண்டு, டுவைட் டேவிஸ் என்ற அமெரிக்க மாணவர் வழங்கிய வெள்ளிக் கிண்ணத்துக்காக அமெரிக்காவும் பிரித்தானியாவும் பாஸ்டன் நகரில் மோதியதில் அது தொடங்கிற்று. விம்பிள்டனில் ஒருவர் தமக்காக ஆடுகிறார். டேவிஸ் கோப்பையிலோ நாட்டுக்காக ஆடுகிறார். நடுவர் புள்ளிகளை அறிவிக்கும்போது ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வதில்லை; நாட்டின் பெயரையே சொல்கிறார். களம் இறங்க வேண்டுமாயின் அந்நாட்டின் கடவுச்சீட்டு கையில் இருந்தாக வேண்டும். ஒரு மனிதன் எந்த நாட்டுக்குரியவன் என்ற கேள்வியை வாசலிலேயே நின்று கேட்கும் ஒரு போட்டியில் அரசியல் இல்லை என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இந்தியா 1921இல் முதன்முறையாக இப்போட்டியில் பங்கேற்றுப் பிரான்சை வென்றது. அன்று பர்மா, பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். பசுந்தாங்கில் மூட்டை சுமந்த தமிழனும், மதராசில் மட்டை பிடித்த தமிழனும் காகிதத்தில் ஒரே நாட்டவரே. 1937 ஏப்ரலில் பர்மா தனியே பிரிக்கப்பட்டது. ஓடை நகரவில்லை, ஆலை நகரவில்லை, தமிழனும் நகரவில்லை. நாடு மட்டும் அவன் காலடியிலிருந்து நகர்ந்தது.

இனி, 1974ஆம் ஆண்டுக்கு வருவோம். அதுவரை அக்கோப்பையை வென்றவை நான்கே தரப்புகள்: அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, ஆஸ்திரேலியா. அவ்வாண்டு சென்னையின் விஜய் அமிர்தராஜும் அவர் அண்ணன் ஆனந்த் அமிர்தராஜும் முன்னின்ற இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீழ்த்தியது. அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தையும் வென்றது. ஜஸ்ஜித் சிங்கும் சசி மேனனும் அணியின் மற்றைய வீரர்கள். அன்று விஜய்க்கு வயது இருபது. இறுதியில் எதிர்நின்ற நாடு தென்னாபிரிக்கா.

இந்தியா ஆட மறுத்தது. இனஒதுக்கல் ஆட்சியோடு ஒரே ஆடுகளத்தில் நிற்பதில்லை என்பது இந்திய அரசின் முடிவு. கோப்பை, ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. டேவிஸ் கோப்பையின் வரலாற்றில் இறுதிப் போட்டி ஆடப்படாமலேயே முடிவானது அந்த ஒருமுறைதான்.

அம்முடிவின் பின்னே இருந்தது என்ன? 1860 நவம்பர் 16ஆம் நாள், மதராசிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற எமது முன்னோர் அதில் இருந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் நில உரிமைக்காகவும் நடமாடும் உரிமைக்காகவும் போராடினர். சிறை சென்று நோயுற்றுப் பதினாறு வயதில் 1914இல் மடிந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். இந்தியருக்கு எதிரான நிலச் சட்டத்தைக் கண்டித்து 1946லேயே இந்தியா தென்னாபிரிக்காவுடனான வணிக உறவைத் துண்டித்தது. ஐக்கிய நாடுகள் அவையிலும் அவர்கள் நிலையை எழுப்பியது. 1950இன் குழுப்பகுதிச் சட்டம் மக்களை நிறவாரியாகப் பிரித்துக் குடியமர்த்தியது. டர்பனின் தமிழ்ச் சிறுவனுக்கு வெள்ளையர் கழகத்தின் ஆடுகளம் அடைக்கப்பட்ட கதவு. 1974இல் கோப்பையைப் பெற்ற அணி முழுவதும் வெள்ளையர் அணியே. ஆட மறுத்தது அரசியல் என்றால், அச்சிறுவனை ஆடவிடாமல் தடுத்தது என்ன?

"இளம் வீரர்களின் வாழ்நாள் கனவை அரசியல்வாதிகள் பறித்துவிட்டார்களே" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது; அதைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. இழப்பு உண்மையானது. 1966இல் இராமநாதன் கிருஷ்ணன் தலைமையில் மெல்போர்னில் இறுதிவரை சென்று தோற்ற இந்தியா, 1987இல் மீண்டும் இறுதியை எட்டியது. விஜய், ஆனந்த், கிருஷ்ணனின் மகன் ரமேஷ் என்று மூன்று சென்னை வீரர்கள் முன்னின்ற அவ்வணி, கோத்தன்பர்க் நகரில் சுவீடனிடம் ஐந்துக்குச் சுழி எனத் தோற்றது. இன்றுவரை ஆசிய நாடு எதுவும் அக்கோப்பையை வென்றதில்லை. 1974இல் கைவிட்டது உண்மையிலேயே கைக்கெட்டிய கனி என்பதை எவரும் மறுத்துவிட முடியாது.

ஆயினும், விலையில்லாத கொள்கையைக் கொள்கை என்று யார் மதிப்பர்? முதற்சுற்றிலேயே தோற்கவிருந்த நாடு விலகியிருந்தால் உலகம் திரும்பிப் பார்த்திருக்குமா? வெல்லக்கூடிய அணி விலகியதால்தான் அந்த வெற்றுக் களம் பேசிற்று. "அதனால் இனஒதுக்கல் ஒழிந்துவிட்டதா?" என்றும் கேட்பர். ஒரே நாளில் ஒழியவில்லைதான். 1994 வரை இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அந்தக் கதவு பல கைகள் தள்ளித்தான் திறந்தது. அக்கைகளுள் ஒன்று மட்டை பிடித்த கை என்பதில் எமது பிள்ளைகள் பெருமை கொள்ளலாம்.

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்போர் இன்னொன்றையும் நோக்க வேண்டும். 2022 மார்ச்சில், உக்ரேன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு ரஷ்யாவையும் பெலாரூசையும் அணிப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தியது. ரஷ்யா அப்போது டேவிஸ் கோப்பையின் நடப்பு வெற்றியாளர். அன்று எந்த மேடையிலும் "அரசியலைக் கலக்காதீர்கள்" என்ற அறிவுரை பெரிதாய் ஒலிக்கவில்லை. வலியோர் பேசினால் அது அறம். எம் பிள்ளைகள் பேசினால் மட்டும் அது அரசியலா?

இது ஒருபுறமிருக்க, 1974ஐப் போற்றும் நாம் அதற்குப் பத்தாண்டு முன்னே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் எமது பெருமை அரைப் பெருமையே.

பசுந்தாங் ஓடையின் இருகரையும் ஒருகாலத்தில் அரிசி ஆலைகளால் நிறைந்திருந்தது. ஐராவதி வடிநிலத்தின் நெல் அங்கே அரிசியாகி உலகெங்கும் சென்றது. அந்த மூட்டைகளைச் சுமந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1962 மார்ச்சில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1963இல் வங்கிகளும், தொடர்ந்து வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. பிழைப்பிழந்து அறுபதுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் எனக் கணிக்கப்படுகிறது. சேமிப்பையும் நகையையும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தோர் பலர். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் மீண்டும் வாழத் தொடங்கியதன் அடையாளம்.

பர்மியரின் தரப்பிலும் ஒரு வரலாற்றுக் காயம் உண்டு. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில், கடனுக்காகக் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார் வட்டிக்கடைகளின் வசமாயிற்று. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் பசுந்தாங் ஆலையில் மூட்டை சுமந்தவனிடம் எந்த வயல் இருந்தது? வயல் வைத்திருந்தவனுக்கும் வயிறு மட்டுமே வைத்திருந்தவனுக்கும் ஒரே தண்டனை என்பது எந்த நீதி?

அப்போது இந்தியா என்ன செய்தது? கப்பல் அனுப்பியது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் கப்பலை அனுப்பியோர் குரலை அனுப்பவில்லை. நேட்டால் இந்தியருக்காக ஐக்கிய நாடுகள் அவையில் எழுந்த அதே நாடு, ரங்கூன் இந்தியருக்காக உலக அரங்கில் அவ்வாறு எழவில்லை. 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் இந்திய அணியும் பர்மிய அணியும் வழக்கம்போல் பங்கேற்றன. பர்மா நட்பு நாடு, அண்டை நாடு. ஆகவே சங்கடம் வேண்டாம் என்றார்கள். "அரசியலைக் கலக்காதீர்கள்" என்பதன் முழுப்பொருள் அன்று வெளிப்பட்டது. எமக்கு வசதியில்லாத துயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதே அது.

விளைவை இன்றும் காண்கின்றோம். பர்மாவின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று படிகளாக வகுத்தது: முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை பெற்றோர். 1823ஆம் ஆண்டுக்கு முன்பே அந்நாட்டில் வேரூன்றியவை என அரசு ஏற்கும் இனங்களுக்கே பிறப்புரிமையாக முதற்படி. அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. 1871இல் தமிழர் எழுப்பிய காளி கோயில் நகரின் நடுவே நிற்கிறது; அதில் விளக்கேற்றுவோரின் பேரப்பிள்ளை, பாட்டன் எந்த ஆண்டு வந்தான் என்பதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது. காகிதம் போரிலும் தீயிலும் போயிருந்தால் அவன் நிலை என்ன? இதே சட்டம் ரொகிங்கியா மக்களை நாடற்றோராக்கியதையும் உலகம் அறியும்.

மியான்மாரும் டேவிஸ் கோப்பையின் ஆசியக் கீழ்ப்பிரிவுகளில் ஆடியிருக்கும் நாடே. பசுந்தாங்கில் ஒரு தமிழ்ச் சிறுவன் சுவரில் பந்தடித்துப் பழகி வளர்கிறான் எனக் கொள்வோம். திறமை இருக்கலாம். கடவுச்சீட்டு இல்லையேல் அவன் எந்த நாட்டுக்கு ஆடுவான்? அவனைக் களத்துக்கு வெளியே நிறுத்தியது அரசியல். அவனைப் பற்றிப் பேச முயன்ற எமது இளைஞர்களை நிறுத்தியது எமது அச்சம்.

பெற்றோரே, உங்கள் அச்சத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். புதிய நாட்டில் தலைகுனிந்து நடந்தால்தான் பிள்ளை தலைநிமிர்வான் என்று எண்ணுகிறீர்கள். அதிகாலையில் பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் மட்டை வாங்கவும் நீங்கள் படும் பாடு சிறிதன்று. ஆனால் உங்கள் பிள்ளை நாளை கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ நோர்வேக்கோ ஆடத் தகுதி பெறுகிறான் என்றால், அது அந்நாடுகள் அவனுக்குக் குடியுரிமை தந்ததால் அல்லவா? அவன் கையிலுள்ள கடவுச்சீட்டும் அரசியலின் கொடையே. அந்தக் கொடை கிட்டாத இன்னொரு தமிழ்ப் பிள்ளையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் அவன் ஆட்டம் கெட்டுவிடாது.

இளையோரே, உங்களுக்கும் ஒரு சொல். 1974இன் பெருமையை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வசதியான இடத்தில் மட்டும் கேட்கும் குரல் எவ்வளவு குறையுடையது என்பதை 1964 காட்டுகிறது. தமிழருக்காகப் பேசும் நீங்கள், அதே சட்டத்தால் வதைபடும் பிறருக்காகவும் பேசினால்தான் உங்கள் சொல் நிற்கும். அடுத்த விழாவில் மீண்டும் இரண்டு நிமிடம் கேளுங்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் பாட்டன் பாட்டியர் இருந்தால், அவர்கள் வந்த கப்பலையும் விட்டுவந்த தெருவையும் கேட்டு எழுதி வையுங்கள். காகிதம் இல்லாத மக்களுக்கு நினைவே முதற் சான்று.

கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்த முதியவரை அடுத்த விழாவில் முதல் வரிசைக்கு அழைக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அவர் பேச விரும்பினால், அந்த இரண்டு நிமிடத்தை அவருக்கே கொடுங்கள்.